பழைய பிஸ்டலுக்குப் புது சைட்: வாங்கும் முன் அளந்து பாருங்கள்

25 மீட்டர் பிஸ்டல் போட்டியின் துல்லியச் சுற்றுக்கான இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 50 மி.மீ. குறி பார்க்க நுனியில் நிற்கும் முன் சைட்டுக்கும், கண் பக்கம் பள்ளம் (காடி) வெட்டிய பின் சைட்டுக்கும் நடுவே 160 மி.மீ. இடைவெளி உள்ள பிஸ்டலில், முன் சைட் பின் சைட்டின் காடிக்குள் வெறும் 0.16 மி.மீ. ஒதுங்கினாலே குண்டு மையத்திலிருந்து 25 மி.மீ. விலகிவிடும். அச்செடுக்கும் தாள் இரண்டை அடுக்கினால் வரும் கனத்தைவிடக் குறைந்த தூரம் அது. கண் அந்த அளவுக்கு நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமென்றால் முன் சைட்டின் இருபுறமும் தெளிவான வெளிச்சக் கோடு தெரிய வேண்டும். பழைய பிஸ்டல்களில் இல்லாதது அதுதான். உறையிலிருந்து எடுக்கும்போது மாட்டாமல் இருக்க அவற்றின் சைட்டுகளைச் சிறிதாகவும் தட்டையாகவும் வைத்தார்கள்.

முதலில் அகலம். கண்ணிலிருந்து பின் சைட் 550 மி.மீ., முன் சைட் 710 மி.மீ. என்று வைப்போம். 3 மி.மீ. அகல முன் சைட், பின் சைட் இருக்குமிடத்தில் 2.3 மி.மீ. அகலமாகத்தான் தெரியும். காடி 3.2 மி.மீ. என்றால் பக்கத்துக்கு 0.45 மி.மீ. வெளிச்சம் கிடைக்கும். நாற்பதைத் தாண்டிய கண்களுக்குக் காடி இன்னும் கொஞ்சம் அகலமாக இருப்பது நல்லது. கூடவே, கண்ணிலிருந்து முன் சைட் வரை டேப்பால் அளந்து, அந்தத் தூரத்துக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது உயரம். பலரும் பணத்தை வீணாக்குவது இங்கேதான். மேசையில் கையைத் தாங்கவைத்து, வழக்கமாகச் சுடும் அதே தோட்டாவால், ஐந்து ஐந்தாக மூன்று முறை சுடுங்கள். வேறொருவரையும் சுடச் சொல்லுங்கள். வலக்கைக்காரருக்குக் கீழே இடப்பக்கம் விழுந்தால் பெரும்பாலும் விசையை வெடுக்கென்று இழுப்பதுதான் காரணம். அதற்குச் சைட் மருந்தல்ல. இருவருக்கும் 15 மீட்டரில் 60 மி.மீ. கீழே விழுகிறதா? விலகலைச் சைட் இடைவெளியால் பெருக்கி, தூரத்தால் வகுங்கள்: 60 × 160 ÷ 15,000 = 0.64 மி.மீ. முன் சைட்டை அவ்வளவு தாழ்த்த வேண்டும், அல்லது பின் சைட்டை அவ்வளவு உயர்த்த வேண்டும். பக்கவாட்டில் பின் சைட்டைக் குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். சந்தேகம் இருந்தால் உயரமான முன் சைட்டையே வாங்குங்கள். அரத்தால் ராவிக் குறைக்கலாம், வளர்க்க முடியாது.

எது பொருந்தும் என்பதை ஸ்லைடு, அதாவது சுடும்போது பின்னால் போய்த் திரும்பும் மேல்பகுதி, முடிவு செய்கிறது. வால்தர் பிபிகேயில் முன் சைட் ஸ்லைடோடு ஒரே இரும்பு, அதனால் மாற்றத்தக்கது பின் சைட் மட்டும்தான். கோல்ட் 1911-இன் பழைய ஸ்லைடுகளில் முன் சைட்டின் சிறு கால் ஒரு துளையில் இறங்கி, உட்புறம் அடித்துப் பரப்பப்பட்டிருக்கும். அது தளர்ந்தால் சுடும்போதே பறந்துவிடும். நிலையான தீர்வு, மில்லிங் மெஷினில் டவ்டெயில் (சைட் பக்கவாட்டில் நுழைந்து இறுகும் சாய்வுப் பள்ளம்) வெட்டுவது. ஆயுதச் சட்டம் 1959-இன்படி துப்பாக்கியைப் பழுதுபார்ப்பது உரிமம் பெற்றவரின் வேலை. அளவை நீங்கள் எடுங்கள், வேலையை அவரிடம் விடுங்கள்.

அவர் செய்வதைக் கூட இருந்து பாருங்கள். அரம் படவேண்டியது புது சைட்டின் அடியில், ஸ்லைடின் டவ்டெயிலில் அல்ல. கெட்டுப்போனால் சைட் வேறு வாங்கலாம், ஸ்லைடு கிடைக்காது. கையால் தள்ளினால் மூன்றில் ஒரு பங்கு நுழைந்து, மீதி பித்தளைத் தண்டால் தட்டினால் நகர வேண்டும். அதுதான் சரியான இறுக்கம்.

நிறம், ஒளி என்று கடைசியில் யோசித்தால் போதும். டிரிட்டியம் என்ற கதிரியக்க வாயுவால் ஒளிரும் விளக்கு 12.3 ஆண்டில் பாதி மங்கிவிடும். பழைய டிரிட்டியம் சைட்டில் மினுக்கம் இல்லாததற்குக் காரணம் அதுதான். வெளிச்சத்தை வாங்கி நுனியில் ஒளிரும் ஃபைபர் ஆப்டிக் இழை சென்னை வெயிலில் விளக்காக எரிந்து, முன் சைட்டின் மேல்விளிம்பையே மறைத்துவிடும். சர்வதேச விதிப்படி நடக்கும் பிஸ்டல் போட்டிகளில் அதற்கு அனுமதியும் இல்லை. தாள் இலக்குக்கு மங்கலான கருப்புதான் சிறந்தது. பக்கவாட்டு வெயிலில் சைட்டின் ஒரு விளிம்பு மின்னினால், கண் கருப்புப் பகுதியை மட்டுமே முன் சைட் என்று எடுத்துக்கொள்ளும், நடு தவறிவிடும். அதற்குப் பழைய சுடுநர்கள் கண்ட வழி கற்பூரம். தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்து, ஸ்லைடைத் தனியே கழற்றி, எண்ணெய் துடைத்து, எரியும் கற்பூரத்தின் புகை நுனியில் சைட்டைக் காட்டினால் வெல்வெட் போல் கரி படியும். விரல் பட்டால் போய்விடும். சுட்டு முடித்ததும் துடைத்து எண்ணெய் போடுங்கள்.

ராவிய இடத்தில் புளூயிங் (இரும்பைத் துருவிலிருந்து காக்கும் கருநீலப் படலம்) போயிருக்கும். கடற்காற்றில் ஓரிரு நாளில் அங்கே செம்பழுப்பு தெரியும். மறுபடி புளூயிங் செய்து எண்ணெய் தடவச் சொல்லுங்கள். தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்தால் வாரக்கணக்கில் கை படாது, அதற்கு முன்னும் ஒரு கோட்டிங் எண்ணெய் அவசியம்.

கடைசியாக, சைட்டும் ஸ்லைடும் சேரும் இடத்தில் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று போடுங்கள். 50 தோட்டா சுட்டபின் கோடு உடைந்திருந்தால் சைட் நகர்ந்திருக்கிறது. எண்ணெயைச் சுத்தமாக நீக்கி, திருகுப் பசை (திருகு தளராமல் பிடித்துவைக்கும் பசை) இட்டு மறுபடி இறுக்க வேண்டும். எண்ணெய்ப் பசை மிச்சமிருந்தால் அந்தத் திருகுப் பசை பிடிக்காது.