ஹாஃப்-டிம்பர்: பழைய ஆங்கிலப் பள்ளிச் சுவருக்கு நல்ல தமிழ்ப் பெயர்

இங்கிலாந்தின் பழைய பள்ளிக்கூடப் படங்களில் கருத்த மரச் சட்டங்களும் இடையிடையே வெள்ளைப் பூச்சுமாக நிற்கும் சுவரைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கட்டுமானத்துக்குப் பெயர் ஹாஃப்-டிம்பர். சொல்லுக்குச் சொல் மாற்றி 'அரை மரம்' என்று எழுதினால் ஒன்றுமே விளங்காது.

டிம்பர் என்றால் இன்று கட்டுமான மரம். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு வீடு, கட்டடம் என்றே பொருள் இருந்தது, பிறகுதான் கட்டப் பயன்படும் பொருளுக்கு நகர்ந்து கடைசியில் மரத்தில் வந்து நின்றது. அறையைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான 'ட்சிம்மர்' இதன் உடன்பிறப்பு, வீட்டைக் குறிக்கும் லத்தீன் 'டோமுஸ்' தூரத்துச் சொந்தம். அதாவது மரத்தால் கட்டுவதுதான் கட்டுவது என்றிருந்த மக்களின் சொல் இது. ஹாஃப் என்பதற்கு, சுவரில் பாதி மரம், மீதி அடைப்பு என்பது வழக்கமான விளக்கம். மரத்தைப் பாதியாகப் பிளந்து பயன்படுத்தியதால் வந்தது என்பாரும் உண்டு.

ஸ்ட்ராட்ஃபர்ட்-அபான்-ஏவனில் உள்ள ஆறாம் எட்வர்ட் பள்ளி இதற்கு அருமையான எடுத்துக்காட்டு. 1420 வாக்கில் ஒரு சமயக் குழு தனக்காகக் கட்டிய மண்டபம் அது. 1553-இல் மன்னரின் பட்டயம் பெற்ற பள்ளி அதன் மாடியில் நடந்தது, ஷேக்ஸ்பியர் படித்தது அங்கேதான் என்று நம்பப்படுகிறது. கூரையின் பாரத்தை எல்லாம் தாங்குவது ஓக் சட்டங்கள்தான், சுவர் வெறும் அடைப்பு. இந்த மாதிரிக் கட்டடங்களில் காயாத பச்சை ஓக்கையே அறுத்து, ஒரு சட்டத்தின் முனையில் செதுக்கிய கழுந்தை அடுத்த சட்டத்தின் துளைக்குள் இறக்கி, மர முளை அடித்து இறுக்குவார்கள். மரம் காயக் காயச் சுருங்கி மூட்டு இன்னும் இறுகும், அப்போதே சட்டங்கள் கொஞ்சம் முறுக்கிக்கொள்வதால்தான் பழைய சுவர்கள் கோணலாகத் தெரிகின்றன. கிட்டப் போய்ப் பார்த்தால் சில மூட்டுகளில் ரோமன் எண்கள் கீறியிருக்கும். பட்டறையிலேயே வெட்டிப் பொருத்திப் பார்த்து, பிரித்துக் கொண்டுவந்து, இடத்தில் வைத்து மாட்டத் தச்சர்கள் போட்ட அடையாளம் அது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? கட்டடத்துக்கு 'மரச்சட்டகக் கட்டடம்' பொருந்தும். சட்டங்கள் வெளியே தெரிகின்றன என்பதையும் சொல்ல வேண்டுமென்றால் 'வெளித்தெரி மரச்சட்டகம்' எனலாம். சட்டங்களுக்கு இடையில் உள்ள அடைப்புக்குப் புதிதாகச் சொல் தேடவே வேண்டாம். இங்கிலாந்தில் ஓக் குச்சிகளை நட்டு, வளையும் கிளைகளைக் குறுக்கே பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பினார்கள். நம்மிடம் மண்சுவருக்குக் குறுக்கே வைத்துக் கட்டும் கழிக்கு 'வரிச்சு' என்று பெயர், ஆகவே 'வரிச்சுச் சுவர்' என்றே எழுதிவிடலாம்.

'கறுப்பு வெள்ளை வீடு' என்ற பெயரை மட்டும் தவிர்க்கலாம். அப்படிப் பளிச்சென்று கறுப்படிக்கும் வழக்கம் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில் பரவியது, அதற்கு முன் பல கட்டடங்களில் ஓக்கை வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வெளுக்கும்படி அப்படியே விட்டிருந்தார்கள், இல்லையென்றால் மரத்துக்கும் சேர்த்தே சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.