குழந்தை வீடு மாறிய பிறகு ஜீவனாம்சப் பாக்கி: எது நிற்கும், எது நிற்காது

குழந்தைக்கான ஜீவனாம்ச உத்தரவு நடப்பில் இருக்கும்போதே குழந்தை தாயின் வீட்டிலிருந்து தந்தையின் வீட்டுக்கு மாறிவிடுவது சென்னைக் குடும்ப நல நீதிமன்றங்களுக்குப் பழக்கமான சங்கதி. தாய்க்கு வெளியூரில் வேலை கிடைத்திருக்கலாம், பள்ளி மாறியிருக்கலாம், பதின்மூன்று வயதுப் பையன் அப்பாவோடுதான் இருப்பேன் என்று பிடிவாதமாகச் சொல்லியிருக்கலாம். குழந்தை தன்னிடம் வந்த மாதத்திலிருந்து தந்தை பணம் அனுப்புவதை நிறுத்திவிடுகிறார். சில மாதங்கள் கழித்து, மாறியதற்கு முந்தைய பாக்கியையும் பிந்தைய பாக்கியையும் ஒன்றாகக் கூட்டி, தாயின் தரப்பிலிருந்து நிறைவேற்றல் மனு, அதாவது உத்தரவுப்படி வராத பணத்தை வசூலித்துத் தரக் கேட்கும் மனு, வருகிறது. "குழந்தையே என்னிடம் இருக்கும்போது நான் யாருக்குக் கொடுக்க வேண்டும்" என்பது ஒருவரின் கேள்வி. "நான் தனியாக வளர்த்த காலத்துக்கு யார் கொடுப்பார்கள்" என்பது மற்றவரின் கேள்வி. இரண்டும் நியாயமான கேள்விகளே. இரண்டையும் ஒரே தொகைக்குள் போட்டுக் குழப்புவதால்தான் வழக்கு வாய்தா மேல் வாய்தாவாக நீள்கிறது.

அடிப்படை விதி, குழந்தை மாறியதால் மட்டும் உத்தரவு மாறிவிடாது என்பதாகும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவாக நெடுங்காலம் அறியப்பட்டு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாக இருக்கும் விதியின்கீழ் மாதத்தொகை நிர்ணயிக்கப்பட்டிருந்தால், நீதிமன்றம் அதைத் திருத்தும்வரையோ ரத்து செய்யும்வரையோ ஒவ்வொரு மாதமும் அந்தத் தொகை உரிய நாளில் கடனாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். பழைய சட்டத்தின்கீழ் பிறந்த உத்தரவுகளும் புதிய சட்டம் வந்ததால் செல்லாமல் போகவில்லை. மதம் எதுவானாலும் இந்த விதி பொருந்தும்.

திருத்துவதற்கான வழி முன்பு 127-ஆம் பிரிவாக இருந்த இன்றைய 146-ஆம் பிரிவு. அதில் இரண்டு கதவுகள் உண்டு. பணம் பெறுபவரின் அல்லது கொடுப்பவரின் சூழ்நிலை மாறியிருப்பதை நிரூபித்து மாற்றம் கேட்பது முதலாவது. உரிமையியல் நீதிமன்றம் ஒன்றின் தீர்ப்பின் விளைவாகப் பழைய உத்தரவை மாற்றியாக வேண்டும் என்று தெரிந்தால், நீதிமன்றம் அதை மாற்றவோ ரத்து செய்யவோ வேண்டும் என்பது இரண்டாவது. காப்பாளர் சட்டம், 1890-இன்கீழோ இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்கீழோ குழந்தையின் கஸ்டடி, அதாவது தன்னிடம் வைத்து வளர்க்கும் பொறுப்பு, தந்தைக்கு அளிக்கப்பட்டிருந்தால், அவர் தட்ட வேண்டியது இந்த இரண்டாவது கதவை. கஸ்டடி உத்தரவு கையில் இருக்கிறதே என்று அதைப் பீரோவில் வைத்துவிட்டு, ஜீவனாம்ச வழக்கில் ஒரு தாளும் தாக்கல் செய்யாமல் இருப்பவர்கள்தான் பிறகு பாக்கியை வசூலிக்க நீதிமன்றம் பிறப்பிக்கும் வாரண்டைக் கண்டு திகைக்கிறார்கள். இரண்டும் ஒரே வளாகத்தில், சில சமயம் ஒரே நீதிபதியின் முன்பே நடந்திருந்தாலும், ஒரு வழக்கின் உத்தரவு மற்றொரு வழக்கின் கோப்புக்குள் தானாகப் போய்ச் சேராது. கஸ்டடி மனு விசாரணையில் இருக்கும்போதே ஜீவனாம்சத் தொகையைத் திருத்தக் கேட்கும் மாற்றல் மனுவையும் போட்டு, இரண்டையும் சேர்த்து விசாரிக்கக் கேட்பதே விவேகம். மாதத்தொகை குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005-இன்கீழ் வந்திருந்தால், மாற்றம் கேட்க வேண்டியது அச்சட்டத்தின் 25(2)-ஆம் பிரிவில்.

மாற்றம் எந்த நாளிலிருந்து நடைமுறைக்கு வரும் என்பதில்தான் பெரும்பாலான பணம் தொங்குகிறது. 25(2)-ஆம் பிரிவின்கீழ்ச் செய்யப்படும் மாற்றம் வருங்காலத்துக்கே பொருந்தும், முன்பே கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 146-ஆம் பிரிவு மனுக்களிலும், குழந்தை வந்த நாள்வரை பின்னோக்கிப் போகும் என்று எண்ணி மனுவைத் தள்ளிப்போடுவது ஆபத்தானது. மனு போட்ட நாளுக்கு முந்தைய மாதங்களின் தொகையும் குறைக்கப்பட்டால் அதிர்ஷ்டம் என்றே கொள்ள வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். பெரம்பூரில் தாய், வேளச்சேரியில் தந்தை. உத்தரவுப்படி 2024 ஏப்ரல் முதல், ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி, மகளுக்கு ரூ. 6,000 கொடுக்க வேண்டும். தந்தை ஒரு மாதமும் கொடுக்கவில்லை. 2025 ஜூன் முதல் மகள் இருவரின் வாய்மொழிச் சம்மதத்தோடு தந்தையிடம் இருக்கிறாள். நவம்பர் தொடக்கத்தில் கஸ்டடி உத்தரவு தந்தைக்கு ஆகிறது. ஜனவரி இறுதியில்தான் அவர் மாற்றல் மனு போடுகிறார். 2026 பிப்ரவரி 2-ஆம் தேதி தாய் 22 மாதப் பாக்கியாக ரூ. 1,32,000 கேட்டு மனு போடுகிறார்.

இதை ஒரே தொகையாகப் பார்த்தால் சண்டைதான் மிஞ்சும். 2024 ஏப்ரல் முதல் 2025 மே வரையிலான 14 மாதங்களுக்குரிய ரூ. 84,000 பற்றி உண்மையில் தகராறே இல்லை. மகள் தாயிடம் இருந்தாள், தாய் கைக்காசு போட்டோ கடன் வாங்கியோ வளர்த்தார், பின்னர் நடந்த எதுவும் இந்தக் கடனைத் துடைக்காது. ஜூன் முதல் அக்டோபர் வரையிலான ரூ. 30,000 தான் மெய்யான தகராறு. நவம்பர் முதல் ஜனவரி வரையிலான ரூ. 18,000-க்கு எதிராகத் தந்தையிடம் கஸ்டடி உத்தரவு என்ற வலுவான ஆவணம் இருக்கிறது. தாமதம் மட்டுமே அவருடைய பலவீனம்.

ஆனால் முதல் 14 மாதங்களிலும் தாய்க்கு ஒரு முட்டுக்கட்டை உண்டு. தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போடாவிட்டால் அந்த மாதத்துக்கு 144-ஆம் பிரிவின்கீழ் வாரண்ட் பிறப்பிக்க முடியாது. மேற்கண்ட கணக்கில் 2025 பிப்ரவரி 5-இலிருந்து சேர்ந்த தொகைகளே அந்த ஓராண்டுக்குள் வருகின்றன; அதற்கு முந்தைய பத்து மாதங்களின் ரூ. 60,000 வெளியே நிற்கிறது. அது கடனே இல்லாமல் போய்விட்டது என்று எதிர்த்தரப்பு வாதிடுவது வழக்கம், அது சரியல்ல. ஓராண்டு வரம்பு வாரண்ட் என்ற வசூல் முறையை மட்டுமே கட்டுப்படுத்துகிறது, உரிமையை அழிப்பதில்லை, சாதாரண உரிமையியல் கடனைப் போல வசூலிக்கும் வழி திறந்தே இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. இருந்தாலும் அந்த வழி நீண்டது என்பதால், பணம் வராத தாய் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தவறாமல் நிறைவேற்றல் மனு போட்டுவிடுவது நல்லது.

தகராறுக்குரிய ஐந்து மாதங்களுக்கு வருவோம். உத்தரவை "போதிய காரணமின்றி" நிறைவேற்றத் தவறினால்தான் வாரண்ட் என்று சட்டம் சொல்வதால், குழந்தையை நானே வளர்த்தேன் என்ற வாதத்தை நிறைவேற்றல் கட்டத்தில் வைப்பதற்கு அந்தச் சொற்களில்தான் இடம் இருக்கிறது. வாதத்துக்கு ஆதாரம் வேண்டும். பள்ளியின் மாற்றுச் சான்றிதழும் புதிய பள்ளியின் சேர்க்கைப் பதிவும், கட்டண ரசீதுகளும், தேதியிட்ட மருத்துவச் சீட்டுகளும், "இனி அவள் அங்கேயே இருக்கட்டும்" என்று தாய் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் பேசும். உறவினர்களின் வாய்மொழி சாட்சியம் அவ்வளவு பேசாது. இதற்கு நேர்மாறாக, பள்ளி வாசலிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் வைத்துக்கொண்டவர், குழந்தை என்னிடம் இருக்கிறது, பணம் தர மாட்டேன் என்று சொன்னால் நீதிமன்றத்தின் பரிவை எதிர்பார்க்கக் கூடாது. அதேபோல், குழந்தையைப் பார்க்க விடவில்லை என்பதும் பணத்தை நிறுத்தக் காரணமாகாது. அதற்குத் தனி மனு உண்டு.

மாற்றல் மனு போட்டுவிட்டதாலேயே பழைய உத்தரவு நின்றுவிடாது என்பதையும் மறக்கக் கூடாது. நிறுத்திவைக்கும்படி தனியாகக் கேட்க வேண்டும். கேட்டாலும், தகராறில்லாத பகுதியை முதலில் கட்டச் சொல்வதற்கே வாய்ப்பு அதிகம். அந்தப் பகுதியைத் தானாகவே நீதிமன்றத்தில் செலுத்திவிட்டு மீதியைப் பற்றி வாதாடுபவரின் பேச்சுக்கு எடை கூடும் என்பது என் கருத்து.

உத்தரவின் நகலை எடுத்து, தொகை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதும் முக்கியம். மனைவிக்கு இவ்வளவு, குழந்தைக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதப்பட்டிருந்தால், கஸ்டடி மாற்றம் தொடுவது குழந்தையின் பங்கை மட்டுமே. மொத்தமாக ஒரே தொகை என்றிருந்தால் அதைப் பிரித்துத் தரும்படி நீதிமன்றத்தைத்தான் கேட்க வேண்டும். கணவர் தானே பாதியாக்கிக்கொள்ள முடியாது. குழந்தை தந்தையிடம் போகாமல் பாட்டியிடம் போயிருந்தால் கதையே வேறு. தொகையை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று அவ்வப்போது கட்டளையிடும் அதிகாரம் 144-ஆம் பிரிவிலேயே இருப்பதால், தொகையைக் குறைக்காமல் பெறுபவரை மட்டும் மாற்றக் கேட்கலாம்.

வசூல் முறைகளைப் பற்றிச் சுருக்கமாக: கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறை விதிக்கலாம், ஆனால் சிறை சென்றதால் கடன் தீராது என்பது 1989 முதல் உச்ச நீதிமன்றத்தின் நிலை. ஜீவனாம்ச உத்தரவை உரிமையியல் தீர்ப்பாணையைப் போலவும் நிறைவேற்றலாம் என்று 2020 நவம்பர் 4-ஆம் தேதித் தீர்ப்பில் அதே நீதிமன்றம் கூறியது. சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தில் பெரும்பகுதி ஜப்தியிலிருந்து தப்பும். ஜீவனாம்சத் தீர்ப்பாணைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே விலக்கு. தந்தை ஓசூருக்கோ கோவைக்கோ குடிபெயர்ந்திருந்தால், அவர் இருக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே உத்தரவை நிறைவேற்றக் கேட்கலாம்.

இப்போது குழந்தையை வளர்க்கும் தந்தை, சம்பாதிக்கும் தாயிடமிருந்து பங்கு கேட்கலாமா? இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், 1956-இன் 20-ஆம் பிரிவு பிள்ளைகளைப் பராமரிக்கும் கடமையைத் தாய் தந்தை இருவர் மீதும் வைக்கிறது; தாய் போதுமான அளவு சம்பாதித்தால் கல்விச் செலவை விகிதாசாரப்படி பகிரலாம் என்று மேற்சொன்ன 2020 தீர்ப்பும் சொல்கிறது. ஆகவே கேட்கலாம். ஆனால் அது புதிய கோரிக்கை. பழைய பாக்கியில் அதைத் தானே கழித்துக்கொண்டு மீதியை அனுப்புவது செல்லாது.

பேசித் தீர்க்க விரும்புபவர்களுக்குச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 முதல் இயங்கும் தமிழ்நாடு சமரச மற்றும் இணக்கத் தீர்வு மையம் இருக்கிறது. காலவாரியாகப் பிரித்த கணக்கோடு போனால் அங்கே பேச்சு விரைவில் முடியும். முடிவை, இரு தரப்பும் கையெழுத்திடும் கூட்டு மெமோவாக எழுதும்போது எந்த மாதம்வரை எவ்வளவு பாக்கி, எந்தத் தேதியிலிருந்து மாதத்தொகை நிற்கிறது, நிலுவையில் உள்ள மனுக்களின் எண்கள் எவை என்று மூன்றையும் குறிப்பிட்டு, அதை நீதிமன்ற உத்தரவாகவே பதிவுசெய்துகொள்ள வேண்டும். குழந்தைக்கு இனி எந்தக் காலத்திலும் எதுவும் கேட்கமாட்டேன் என்று தாயோ தந்தையோ எழுதிக் கொடுக்கும் வரியை நீதிமன்றங்கள் குழந்தையைக் கட்டுப்படுத்துவதாகக் கொள்வதில்லை. அந்த வரியை நம்பித் தொகையைக் குறைத்துக்கொள்ள வேண்டாம். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற இலவச எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதற்கு வருமான வரம்பு கிடையாது.