இனிப்பு நீர் என்கிற நீரிழிவு

"எறும்பே வரல லா, எனக்கு ஏது இனிப்பு நீர்?" பினாங்கில் என் பெரியப்பா இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். வயது 72. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவருக்கு நாற்காலியும் தொலைக்காட்சியும்தான். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை லிட்டருக்கு 9.4 மில்லிமோல் என்று வந்தது. 7 வந்தாலே நோய்க்கணக்கு. கழிவறையில் எறும்பு இல்லாததை நம்பி எத்தனை ஆண்டு விட்டாரோ, நினைத்தால் இன்றும் மனசு கலங்குகிறது.

நம்மூர்த் தமிழர் வீட்டில் இதற்குப் பெயர் இனிப்பு நீர். மலாய்க்காரர்களின் 'கென்சிங் மானிஸ்' என்பதும் சொல்லுக்குச் சொல் அதுவே. ஆங்கில மருத்துவத்தில் டயாபடீஸ் மெல்லிட்டஸ். மெல்லிட்டஸ் லத்தீன், தேன்போல் இனிப்பது என்று பொருள். சித்த மருத்துவத்தில் இதன் பெயர் மதுமேகம், அதில் வரும் மதுவும் தேன்தான். 1776இல் மேத்யூ டாப்சன் என்ற இங்கிலாந்து மருத்துவர் நோயாளியின் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்து, அடியில் சர்க்கரை படிவதைக் காட்டினார்.

டயாபடீஸ் கிரேக்கச் சொல். ஊடே கடந்து ஓடுவது என்று பொருள். குடித்த நீர் உடம்பில் தங்காமல் வழிந்துபோவதைப் பார்த்து வைத்த பெயர்.

நீரிழிவும் அதையேதான் சொல்கிறது. இழிவு என்றால் இன்று கேவலம் என்று மட்டும் பொருள் கொள்கிறோம். அதனாலேயே சில பெரியவர்கள் இந்தச் சொல்லை வாயில் எடுக்கக் கூசுகிறார்கள். கூச வேண்டியதில்லை. இழிதல் என்றால் மேலிருந்து கீழே இறங்குதல். "இழுமென இழிதரும் அருவி" என்று திருமுருகாற்றுப்படையின் கடைசி அடிகளில் வருகிறதே, அந்த இழிதல். பினாங்குக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: தண்ணீர்மலையின் அருவி பாறையில் இறங்குகிறதல்லவா, அது நீர் இழிவது. டயாபடீசுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. 'சர்க்கரை வியாதி' எனக்கு உவப்பில்லை. தே தாரிக் என்கிற பால் தேநீரைக் 'குராங் மானிஸ்', அதாவது இனிப்பு குறைவாக, என்று சொல்லிவிட்டு மூன்று ரொட்டி சானாய் பரோட்டா சாப்பிடலாம் என்று அது நினைக்க வைக்கிறது.

ஆனால் மற்றப் பெயர்கள் எல்லாம் நீரையே காட்டுகின்றன. முதியவர்களுக்கு ஆபத்து அங்கேதான். ரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 10 மில்லிமோலைத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடும். வயதாக ஆக அந்த எல்லை இன்னும் மேலே போகும், தாக உணர்வும் மங்கும். ரத்தத்தில் சர்க்கரை இருக்கும், நீரில் இருக்காது. எறும்பு எப்படி வரும்?

நோயின் பெரும்பங்கு தசையில் இருக்கிறது. சாப்பாட்டுக்குப்பின் ரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பகுதியை இழுத்துக்கொள்ள வேண்டியது தசைதான். உட்கார்ந்தே இருந்தால் தசை கரையும், சர்க்கரையை உள்ளே இழுக்கச் சொல்லும் இன்சுலின் என்ற சுரப்பின் பேச்சையும் சரியாகக் கேட்காது. அதனால்தான் இதை வளர்சிதை மாற்றக் கோளாறு என்கிறார்கள்: உடம்பு கட்டுவதும் சிதைப்பதும் நிலைகுலைவது. நடக்கும்போதோ, தசை சுருங்குகிற வேகத்திலேயே இன்சுலினை எதிர்பாராமல் சர்க்கரைக்கு வழி திறக்கிறது.

கவனிக்காமல் விட்டால் இதயத் தமனிகள் கெடும், நரம்பும் மழுங்கும். அதனால் நெஞ்சுவலியே இல்லாமல், மூச்சுவாங்கலும் களைப்புமாக மாரடைப்பு வரலாம். "வயசாச்சு, அதான் களைப்பு" என்று வீட்டில் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

மலேசியாவின் 2019 தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம்.

வாரம் 150 நிமிடமாவது வேகநடை போன்ற மிதமான உடற்பயிற்சி செய்யச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பெரியப்பா மருத்துவரைக் கேட்டுக்கொண்டு 10 நிமிடத்தில் ஆரம்பித்தார். தண்ணீர்மலைக் கோயிலுக்கு 500க்கு மேல் படிகள். ஒரு கையில் கைப்பிடி, மறுகை என் தோளில், போன வாரம் 40 படி ஏறி, நின்று, மூச்சு வாங்கிவிட்டு இறங்கினார்.