பதில்கள் புதைந்துபோகாமல் விக்கி காப்பது எப்படி?

இணையத்தில் கூடிப் பேசும் எந்தக் குழுவிலும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். முன்பு கிடைத்த பதில் அழிந்துவிடவில்லை. உரையாடல் கால வரிசையில் அடுக்கப்படுவதால், புதிய செய்தி ஒவ்வொன்றும் அதை மேலும் ஆழத்துக்குத் தள்ளிவிட்டது. தேடி எடுத்தாலும், அதிலிருந்த பிழையை நாற்பது செய்திகளுக்குப் பிறகு வேறொருவர் சுட்டிக்காட்டியிருந்தால், அது தேடியவர் கண்ணில் படும் என்பதற்கு உறுதியில்லை. பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் இணையத்தளமான விக்கி இந்த அடுக்குமுறையையே மாற்றுகிறது: ஒரு பொருளுக்கு ஒரு பக்கம் என்று வைத்து, பிழை இருந்த இடத்திலேயே திருத்தத்தையும் நிகழச் செய்கிறது.

அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்காம் 1995 மார்ச் 25 அன்று முதல் விக்கியை வெளியிட்டதும், நிரலாளர்கள் அனுபவத்தில் கண்ட வடிவமைப்பு முறைகளைச் சேர்ந்து எழுதிவைப்பதற்காகத்தான். ஹவாய் மொழியில் விரைவு என்று பொருள்படும் 'விக்கி' என்ற சொல்லை, ஹொனலுலு விமான நிலையப் பேருந்தின் பெயரிலிருந்து அவர் எடுத்துக்கொண்டார்.

யார் வேண்டுமானாலும் தொகுக்கலாம் என்பதே விக்கியின் பெருமையாகப் பேசப்படுகிறது. அதைத் தாங்கி நிற்பது, எழுதிய எதுவும் தொலைவதில்லை என்ற ஏற்பாடு என்பேன். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் ஒருவர் பக்கத்தைச் சேமிக்கும்போது பழைய உரை அழிக்கப்படுவதில்லை. எழுதியவர், நேரம், காரணக் குறிப்பு ஆகியவற்றுடன் புதிய பதிப்பொன்று உருவாகிறது, பக்கம் அந்தப் பதிப்பைக் காட்டத் தொடங்குகிறது, அவ்வளவுதான்.

"நிறுவிய பின் கணினியை மறுதொடக்கம் செய்யவும்" என்ற வரியை ஒருவர் "மறுதொடக்கம் தேவையில்லை" என்று மாற்றிவிட்டதாகக் கொள்வோம். பழைய பதிப்புகளைப் பட்டியலிடும் வரலாற்றுப் பக்கத்தில் இரு பதிப்புகளையும் ஒப்பிடச் சொன்னால், மென்பொருள் இரண்டிலும் அதே வரிசையில் வரும் பொது வரிகளைக் கண்டுபிடித்து ஒதுக்கிவிட்டு, எஞ்சியதை நீக்கியது, சேர்த்தது என்று நிறமிட்டுக் காட்டும். நீண்ட பக்கத்திலும் மாறிய சில சொற்கள் மட்டும் தனித்து நிற்கும். மாற்றம் தவறென்றால் ஓரிரு சொடுக்குகளில் பழைய நிலைக்குத் திரும்பலாம். கெடுப்பதற்கு ஆகும் உழைப்பைவிடச் சரிசெய்வதற்கு ஆகும் உழைப்பு குறைவு. முன்பின் அறியாதவருக்கும் தொகுக்கும் உரிமையைத் துணிந்து கொடுக்க முடிவது இதனால்தான்.

இருவர் ஒரே நேரத்தில் தொகுத்தால் என்ன ஆகும்? ஒருவர் எழுதும்வரை மற்றவரைத் தடுத்துவைக்கும் முறையை மீடியாவிக்கி கையாள்வதில்லை. இரண்டாமவர் சேமிக்கும்போது, இருவரும் தொடங்கிய மூல உரை, முதலாமவர் சேமித்த உரை, இவருடைய உரை ஆகிய மூன்றையும் அது ஒப்பிடுகிறது. மாற்றங்கள் வெவ்வேறு இடங்களில் இருந்தால் ஓசையின்றி இணைத்துவிடும். ஒரே இடத்தில் மோதினால்தான் தொகுத்தல் முரண்பாடு என்று அறிவித்து, முடிவை அவரிடமே விடும்.

எனக்கு மிகவும் பிடித்தது சிவப்பு இணைப்பு. இன்னும் எழுதப்படாத பக்கத்துக்கும் முன்கூட்டியே இணைப்புத் தரலாம். அது சிவப்பாகத் தெரியும், சொடுக்கினால் எழுதும் பெட்டி திறக்கும். குழு அறியாதது எது என்பதும் இவ்வாறு பக்கத்திலேயே பதிவாகிவிடுகிறது.

விக்கி வந்தபின் உரையாடல் தேவைப்படாது என்று எண்ணுவது தவறு. எது சரி என்பதில் கருத்து வேறுபடும்போது, பக்கத்தை மாறி மாறித் திருத்துவது எங்கும் கொண்டுசேர்க்காது. அதற்காகவே ஒவ்வொரு பக்கத்தையும் ஒட்டிப் பேச்சுப் பக்கம் ஒன்று இருக்கிறது. அங்கே வாதிட்டு எட்டிய முடிவு மட்டும் கட்டுரைக்குள் வருகிறது, வாதம் அடுத்து வருபவர் படிப்பதற்காக அங்கேயே இருக்கிறது.