மில்லிவோல்ட் இறங்கினால் நீர் சுத்தமாகிவிட்டதா?

கழிவுநீரை அளக்கும் நுண்ணுயிர் எரிபொருள் கல (பாக்டீரியாவைக் கொண்டு மின்சாரம் தரும் கலம்) சென்சாரில் 300 மில்லிவோல்ட் இருந்தது, 80-க்கு இறங்குகிறது. உடனே "பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) குறைந்துவிட்டது" என்று பதிவேட்டில் எழுதி, வெளியேற்று வால்வைத் திறந்துவிடுகிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் இது மாறுவதாக இல்லை.

நுண்ணுயிர் எரிபொருள் கலம் பிஓடியை நேராக அளப்பதில்லை. ஆனோடு என்னும் மின்முனையில் படிந்த பாக்டீரியா எந்த வேகத்தில் கழிவைத் தின்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. தின்ன ஒன்றும் இல்லாவிட்டால் மின்னழுத்தம் இறங்கும், சரி. தாமிரமோ குரோமியமோ குளோரினோ கலந்து பாக்டீரியா முடங்கினாலும் அதே மாதிரிதான் இறங்கும். நைட்ரேட்டும் கரைந்த ஆக்சிஜனும், பாக்டீரியா தின்னும்போது ஆனோடுக்குத் தரும் எலக்ட்ரான்களை நடுவழியிலேயே பிடுங்கிக்கொள்ளும். கழிவு நிறைய இருந்தும் எண் தாழும். காற்றூட்டத் தொட்டி நீரை அப்படியே கலத்துக்குள் விட்டுவிட்டுக் கலத்தைத் திட்டுவதில் நியாயமில்லை. குளிரும், 6-க்குக் கீழே போன பிஎச்-சும் இதையே செய்யும்.

சந்தேகம் வந்தால் மாதிரியிலேயே லிட்டருக்கு 128 மில்லிகிராம் நீரற்ற சோடியம் அசிட்டேட்டைக் கரைத்து ஓடவிடுங்கள். அது 100 மில்லிகிராம் சிஓடிக்கு (கழிவை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) சமம். எண் ஏறினால் பாக்டீரியாவுக்குப் பழுதில்லை, நைட்ரேட்டை மட்டும் தனியே பாருங்கள். ஏறவில்லையா? அதே அளவு அசிட்டேட்டை 50 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபரில் (பிஎச்-சை நிலையாக வைக்கும் கரைசல்) கரைத்துக் கொடுங்கள். இப்போது ஏறினால் குற்றவாளி மாதிரிக்குள்ளேயே இருக்கிறது, வால்வைத் தொடாதீர்கள். இதற்கும் ஏறாவிட்டால் வெள்ளி-வெள்ளி குளோரைடு மின்முனையை வைத்து ஆனோடை அளக்கவும். அது வழக்கத்தைவிட நேர்ப்பக்கம் நகர்ந்திருந்தால் பாக்டீரியாப் படலம் அடிவாங்கியிருக்கிறது. அசையாமல் நின்றால் பாவம் பாக்டீரியா, மறுமுனையான கேத்தோடைப் பாருங்கள். காற்றுக் கேத்தோடின் நீர்ப்பக்கத்தில் வழவழவென்று படிவதைத் துடைக்க யாருக்கும் நினைவு வருவதில்லை.

உச்சத்திலும் ஒரு பொறி உண்டு. படலம் நிறைவு நிலைக்குப் போனபின் லிட்டருக்கு 300 மில்லிகிராம் பிஓடியும் 900 மில்லிகிராமும் ஒரே எண்ணைத்தான் தரும். மாதிரியைப் பாதியாக நீர்க்கும்போது எண்ணும் பாதியாக வேண்டும். ஆகாவிட்டால் இன்னும் நீர்த்துங்கள். பஃபரால் நீர்த்துங்கள், தயவுசெய்து குழாய் நீரால் வேண்டாம். அதிலுள்ள குளோரின், வாரக்கணக்கில் வளர்த்த படலத்தைக் கெடுத்துவிடும்.

அசிட்டேட்டை வைத்து மட்டும் அளவுதிருத்தம் செய்தால் மாவுச்சத்தும் கொழுப்பும் உள்ள கழிவுநீரில் எண் குறைவாகவே வரும். உங்கள் ஆலை நீரின் 5 நாள் பிஓடியோடு ஒப்பிட்டே வரைபடம் போடுங்கள்.

இன்னொன்று, ஆனோடையும் கேத்தோடையும் இணைக்கும் ரெசிஸ்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். மறுபடி இணைத்ததும் சேர்ந்திருந்த மின்னூட்டம் பொய் உச்சம் ஒன்றைக் காட்டும். அது தணியும்வரை எதையும் எழுத வேண்டாம்.