டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையில் கவனிக்க வேண்டிய எண்

டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனைச் செலுத்தும் சிகிச்சையைத் தொடங்கும் ஆண்கள் பெரும்பாலும் கேட்பது முகப்பரு வருமா, முடி கொட்டுமா என்பதுதான். வரலாம், கொட்டலாம். ஆனால் மருத்துவரின் கண் போகும் இடம் வேறு. இரத்தப் பரிசோதனைத் தாளில் ஹீமட்டோகிரிட் அல்லது பி.சி.வி. என்று ஒரு வரி இருக்கும். இரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு சிவப்பணுக்கள் என்று அது சொல்கிறது. ஆண்களுக்குச் சுமாராக 40 முதல் 50 வரை இருக்கும். இந்தச் சிகிச்சையில் அதிகம் பார்க்கப்படும் பக்கவிளைவு, இந்த எண் ஏறுவது.

கல்லீரல் ஹெப்சிடின் என்ற சிறு புரதத்தைச் சுரக்கிறது. குடலிலிருந்து இரும்புச்சத்து இரத்தத்துக்குள் நுழைவதையும், சேமிப்பில் உள்ள இரும்பு வெளியே வருவதையும் கட்டுப்படுத்துவது அதன் வேலை. டெஸ்டோஸ்டிரோன் இந்தப் புரதத்தைக் குறைத்துவிடுகிறது. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் ஹார்மோனும் கூடுகிறது. கையில் இரும்பு இருக்கிறது, மேலிருந்து உத்தரவும் வருகிறது. எலும்பு மஜ்ஜை சும்மா இருக்குமா? இரத்தசோகை உள்ளவருக்கு இது நல்லதுதான். மற்றவர்களுக்கு இரத்தம் கெட்டியாகிறது. வயதானவர்களிடம் இந்த ஏற்றம் இன்னும் அதிகம்.

சிகிச்சை தொடங்குமுன் ஒருமுறை, பிறகு 3 முதல் 6 மாதத்துக்குள், அப்புறம் ஆண்டுக்கு ஒருமுறை இதைப் பார்க்க வேண்டும். 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்திவைத்து, எண் இறங்கியபின் குறைந்த அளவில் மறுபடி தொடங்குவது மருத்துவ நடைமுறை. உடனே ஓடிப்போய் இரத்ததானம் செய்துவிட்டு அதே அளவு ஊசியைத் தொடர்பவர்களும் உண்டு. எண் அப்போதைக்கு இறங்கும். ஆனால் அடிக்கடி இரத்தம் எடுத்தால் இரும்புச் சேமிப்பு கரைந்து, உடம்பு சோர்ந்துபோகும். சோர்வு என்று சொல்லித்தான் பலர் இந்தச் சிகிச்சைக்கே வந்திருப்பார்கள்!

இன்னொன்றையும் கேட்க வேண்டும்: இரவில் குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நிற்கிறதா? தூக்கத்தில் ஆக்சிஜன் குறைந்தாலும் சிவப்பணுக்கள் பெருகும். புகைப்பழக்கமும் அதையே செய்யும். எல்லாப் பழியையும் ஊசியின் மேல் போட முடியாது.

ஊசியின் பங்கு எங்கே இருக்கிறது என்றால், ஏற்ற இறக்கத்தில். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம் போட்டால், முதல் சில நாட்கள் இரத்தத்தில் ஹார்மோன் இயல்பைவிட உயரத்தில் நிற்கும். அடுத்த ஊசி நெருங்கும்போது தரைதட்டிவிடும். மனநிலையும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். அதே மருந்தை வாரம் 100 மில்லிகிராமாகப் பிரித்தால் உச்சம் தணியும். தினமும் தடவும் ஜெல்லில் ஹார்மோன் அளவு இன்னும் சமமாக இருக்கும், இரத்தம் கெட்டியாவதும் குறைவு. ஆனால் ஜெல் தடவிய தோல் குழந்தையின் மேலோ மனைவியின் மேலோ படக்கூடாது. மருந்து அவர்கள் உடம்புக்குள் போய்விடும். தடவியபின் கையைக் கழுவி, அந்த இடத்தை ஆடையால் மூட வேண்டும். இரத்தம் எடுக்கும் நாளும் முக்கியம். வார ஊசி என்றால் இரண்டு ஊசிகளுக்கு நடுநாளில் எடுக்க வேண்டும். ஊசி போட்ட மறுநாள் எடுத்துவிட்டு அதிகம் என்று பயப்படுவதில் பொருளில்லை.

டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதியை உடம்பு, முக்கியமாகக் கொழுப்புத் திசுவில், எஸ்ட்ராடையால் என்ற பெண் ஹார்மோனாக மாற்றிக்கொள்கிறது. அதிகமானால் மார்பு வலிக்கும், வீங்கும். இதைத் தடுக்க அனஸ்ட்ரோசோல் மாத்திரையைச் சேர்ப்பது சில இடங்களில் வழக்கமாகிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆண்களின் எலும்புக்கும் பாலுணர்வுக்கும் எஸ்ட்ராடையால் தேவை. தொந்தரவு எதுவும் இல்லாமல், தாளில் உள்ள எண்ணுக்காக மட்டும் அதை அழுத்தினால் எலும்பு தேயும். முதலில் ஊசியின் அளவைக் குறைத்துப் பார்ப்பதே சரி.

இதயம் பற்றிய பயத்துக்கு 2023-ல் வெளியான டிராவர்ஸ் ஆய்வு ஓரளவு பதில் சொன்னது. இதயநோய் உள்ள, அல்லது அதற்கான ஆபத்து உள்ள 5,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் ஜெல்லைச் சோதித்தார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் வெற்று மருந்து பெற்றவர்களைவிட அதிகமாகவில்லை. இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவதும், நுரையீரலில் இரத்தக்கட்டி அடைப்பதும் சற்றே அதிகம் இருந்தன. அதனால் ஒரு காலில் மட்டும் வீக்கமோ திடீர் மூச்சுத்திணறலோ வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். புரோஸ்டேட் புற்றுநோய் அந்த ஆய்வில் கூடவில்லை. இருந்தாலும் புரோஸ்டேட் சுரப்பியின் நிலையைக் காட்டும் பி.எஸ்.ஏ. என்ற இரத்த அளவு, முதல் ஆண்டில் தொடக்கத்தில் இருந்ததைவிட மில்லிலிட்டருக்கு 1.4 நானோகிராமுக்கு மேல் கூடினால் சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரிடம் அனுப்புவார்கள்.

குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது கடைசியாக. மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ், இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதுமா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் மிதவையைப் போல, வெளியிலிருந்து வந்த ஹார்மோனைக் கண்டதும் உத்தரவை நிறுத்திவிடுகிறது. பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து விரைகளை இயக்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஹார்மோன்கள் வருவது நிற்கிறது. விந்தணு உருவாக, விரைக்குள் டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு செறிவாக இருக்க வேண்டும். எந்த ஊசியும் அந்தச் செறிவைத் தராது. எனவே விந்தணு குறைந்து, பலருக்குப் பூஜ்யமாகவே ஆகிவிடுகிறது. விரைகளும் சிறுத்துப்போகும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு மீண்டு வரும், ஆனால் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். ஆகவே இந்த விஷயத்தை முதல் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். விரைகளைத் தாமாகவே வேலை செய்யத் தூண்டும் குளோமிஃபீன், எச்.சி.ஜி. போன்ற மருந்துகளை அப்போது பரிசீலிப்பார்கள்.