பிழைச் செய்தி வரவில்லை, ஆனாலும் உதடு ஒட்டவில்லை

25 விநாடி வசனம் உள்ள ஒரு ஷாட். மாயா என்ற 3டி அனிமேஷன் மென்பொருளில் ஸ்கிரிப்ட் (கட்டளை வரிகள்) எழுதி ஆடியோவை டைம்லைனில் சேர்த்தது நான்தான். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. அனிமேட்டர் நாள் கணக்கில் உட்கார்ந்து உதட்டசைவை முடித்தார். ரெண்டர் ஆகி எடிட்டுக்குப் போனபிறகு பார்த்தால், பாத்திரம் 24 விநாடியிலேயே பேசி முடித்து வாயை மூடிவிட்டது. குரல் மட்டும் இன்னும் ஒரு விநாடி ஓடியது.

எடிட் விநாடிக்கு 25 ஃபிரேம். நான் திறந்த சீனோ (மாயா கோப்பு) மாயாவின் இயல்பான 24-இல் இருந்தது. அதில் 25 விநாடி என்றால் 600 ஃபிரேம். அந்த 600 ஃபிரேமை 25 வீதம் ஓட்டினால் 24 விநாடிதானே வரும்!

சரி, பிறகு மாற்றிக்கொள்ளலாமே என்று நினைக்காதீர்கள். ஃபிரேம் ரேட்டை மாற்றும்போது, நேரம் மாறாமல் இருக்க மாயா கீகளை (ஒரு ஃபிரேமில் அசைவைக் குறித்து வைக்கும் புள்ளிகளை) நகர்த்திவிடும். 10-ஆவது ஃபிரேமில் இருந்த கீ 10.42-க்குப் போய்விடும். 'ப', 'ம' போன்ற எழுத்துகளுக்கு உதடு முழுதாக மூட வேண்டும். அது ஓரிரு ஃபிரேம்தான் நீடிக்கும். கீ இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவில் விழுந்தால், உதடு மூடிய அந்தக் கணமே படத்தில் வராமல் போகலாம். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் அது உறுத்தும். அதனால் என் ஸ்கிரிப்டின் முதல் வரி இப்போது ஃபிரேம் ரேட்டைச் சோதிப்பதுதான். பொருந்தாவிட்டால் அங்கேயே நின்றுவிடும்.

அடுத்து, சவுண்ட் கமாண்ட் ஆடியோ நோடை (சீனில் ஒலிக் கோப்பைக் குறிக்கும் பொருளை) உருவாக்குவதோடு சரி. அதை டைம் ஸ்லைடரில் காட்ட டைம்கன்ட்ரோல் கமாண்டைத் தனியாகக் கொடுக்க வேண்டும். புதியவர்கள் பலர் இங்கேதான் திணறுகிறார்கள். நோடின் பெயரையும் ஊகிக்க வேண்டாம். அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் மாயா பின்னால் எண் சேர்த்துவிடும். கமாண்ட் திருப்பித் தரும் பெயரையே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆஃப்செட், அதாவது ஒலி தொடங்கும் இடம், விநாடியில் அல்ல, ஃபிரேமில். ஷாட் 1001-ஆவது ஃபிரேமில் தொடங்கும்போது ஆஃப்செட்டை 0 என்று விட்டால், ஆடியோ அங்கே எங்கோ கிடக்கும், காதில் விழாது.

அப்புறம், 'ஒவ்வொரு ஃபிரேமையும் ஓட்டு' என்ற பிளேபேக் அமைப்பிலும் ஒலி வராது. நிஜ நேர வேகத்துக்கு மாற்றிவிட்டுக் கேளுங்கள். கோப்புப் பாதையில் முன்சாய்வுக் கோடே (/) போடுங்கள். பின்சாய்வுக் கோட்டை (\) மெல் (மாயாவின் சொந்த ஸ்கிரிப்ட் மொழி), பைதான் இரண்டுமே வேறு பொருளில் படிக்கும். ஆடியோ சீனுக்குள் பதியாது, பாதை மட்டுமே பதியும் என்பதால் சீனை அனுப்பும்போது ஒலிக் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.

அனிமேட்டரிடம் சீனைக் கொடுக்கும் முன் ஒரு பிளேபிளாஸ்ட் (விரைவான முன்னோட்ட வீடியோ) எடுத்துவிடுங்கள். அதற்கும் சவுண்ட் நோடின் பெயரைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஊமைப்படம்தான் கிடைக்கும். அதை எடிட்டின் ஃபிரேம் ரேட்டில் மூலக் குரல் கோப்போடு சேர்த்து வைத்து, கடைசிச் சொல்லைக் கேளுங்கள். தொடக்கத்தில் எல்லாம் பொருந்தியே இருக்கும். விலகல் சிறிது சிறிதாகக் கூடி, கடைசியில்தான் வெளியே தெரியும்.